தானே அணைந்து தானே விழிக்கும் கணினி

பல்வலியால் இரவெல்லாம் துடித்தவர், காலையில் வைத்தியசாலை வாசலை மிதித்ததும், "இப்போது வலிக்கவில்லையே!" என்று திகைத்து நிற்பதுண்டு. வீடு திரும்பிச் சற்றே கண்ணயர்ந்தாரோ இல்லையோ, வலி மீண்டும் தன் வேலையைத் தொடங்கிவிடும். மனிதருக்கு மட்டுமன்று, இயந்திரங்களுக்கும் இத்தகைய நோய் உண்டு. வீட்டிலே பத்து நிமிடம் நிலைத்து ஓடாத கணினி, திருத்தும் கடையின் மேசைமீது ஏறியதும் நாள் முழுவதும் நல்ல பிள்ளையாய் ஓடும். கடைக்காரர் நம்மைச் சந்தேகத்துடன் பார்ப்பார்; நாம் கணினியைச் சந்தேகத்துடன் பார்ப்போம்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென அணைந்து, பின்னர் எவரும் தொடாமலே விழித்தெழுந்து, மறுபடியும் அணைந்துபோகும் மேசைக் கணினியைப் பற்றியே இவ்வாரம் பேச எண்ணுகிறோம். வெறும் விதிகளாக அடுக்கிச் சொல்வதைக் காட்டிலும், நாம் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்லி, அதன் வழியே செல்வது வாசகர்களுக்குப் பயன்தரும் என்று நம்புகிறோம்.

மலைச்சரிவில் ஒரு வீடு

பதுளை நோக்கி ஏறும் புகையிரதப் பாதையில், வட்டவளைக்கு அப்பால், ஹட்டனை எட்டுவதற்கு முன் வரும் சிறிய நிலையம் றொசல்ல. சுற்றிலும் தேயிலை. நம் நாட்டிலே மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று வட்டவளைப் பகுதி. ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் மழை அங்கு பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால், நனைந்த துணி ஒரு வாரம் சென்றும் உலராத ஊர் அது.

அப்பகுதித் தோட்டமொன்றின் லயத்திலே, வரிசையின் கடைசிக் காம்பிராவில் வாழும் குடும்பமொன்றை நாம் அறிவோம். தாய் கொழுந்து எடுப்பவர். தந்தைக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மகள் உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயில்கிறாள். இரண்டு ஆண்டுகளாகச் சீட்டுப் பிடித்து, அப்பெண்ணுக்கென ஒரு பழைய மேசைக் கணினியை வாங்கியிருந்தார்கள். வாங்கிய மூன்றாம் மாதமே அதற்கு இந்த நோய் பிடித்துக்கொண்டது.

முதலில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் வைத்திருந்து, "ஒரு குறையும் இல்லை, நன்றாகவே ஓடுகிறது" என்று கூலியை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார் கடைக்காரர். வீட்டுக்கு வந்த அன்று மாலையே அது அணைந்தது. வேறொரு கடைக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"மதர்போட் போச்சுன்னு சொல்லிப்புட்டாங்க ஐயா. அத மாத்துற காசுக்கு இன்னொன்னு வாங்கிறலாமாம்," என்றார் தந்தை. தாய் ஒன்றும் பேசவில்லை. அவருடைய காதிலிருந்த தோட்டை அடகு வைப்பதென்று அதற்கு முன்தினமே வீட்டில் முடிவாகியிருந்ததைப் பின்னரே அறிந்தோம். அந்தத் தோடு எத்தனை நாட்பேரின் உழைப்பு என்பதைத் தோட்டத்தில் வாழ்பவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

"இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்," என்று கேட்டுக்கொண்டோம்.

முதலிற் செய்ய வேண்டியது

வீடு தீப்பற்றினால் முதலில் குழந்தையைத் தூக்குவோம். தீ ஏன் பற்றியதென்ற ஆராய்ச்சி பின்னர்தான். அடிக்கடி அணையும் கணினியிலும் அப்படியே. எழுதிய கட்டுரைகள், பாடக் குறிப்புகள், குடும்பப் படங்கள் ஆகியவற்றை உடனே பென்டிரைவிலோ வேறு கணினியிலோ பிரதி எடுத்துவிட வேண்டும். ஒரு கோப்பை எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் அறுந்தால், அந்தக் கோப்பு பாதியில் சிதைந்து போகலாம். சில வேளைகளில் ஹாட் டிஸ்கே பழுதாகலாம். கணினியை எப்போதும் மறுபடி வாங்கலாம். ஆறு மாதம் உழைத்து எழுதிய கருத்திட்டத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அப்பெண் அன்றே தன் கோப்புகளைப் பிரதி செய்தாள். எதையேனும் எழுதினால் ஐந்து நிமிடத்துக்கொரு முறை சேமிக்கும் பழக்கத்தையும் மேற்கொண்டாள்.

ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும்

அடுத்ததாக நாம் கேட்டது திருப்புளி அன்று, ஒரு கொப்பி. கணினி அணையும் ஒவ்வொரு முறையும் நாள், மணி, அவ்வேளை என்ன செய்துகொண்டிருந்தாள், தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று, திரையில் ஏதேனும் எழுத்துத் தோன்றியதா, வெளியே மழையா வெயிலா என்பவற்றை எழுதிவைக்கச் சொன்னோம்.

இது சிறுபிள்ளைத்தனமான வேலை என்று எவரும் எண்ண வேண்டா. 1947 ஆம் ஆண்டு செப்டெம்பர் 9 ஆம் நாள், அமெரிக்காவின் ஹாவட் பல்கலைக்கழகத்திலே மார்க் 2 என்ற பெருங்கணினி தவறு செய்தது. அதனை இயக்கியவர்கள் தேடிப் பார்த்தபோது, உள்ளே ஓர் உறுப்பில் அந்துப்பூச்சியொன்று சிக்கியிருந்தது. அவர்கள் அதனை எடுத்து எறிந்துவிடவில்லை. வேலைப் பதிவேட்டிலே ஒட்டி, நேரத்தையும் குறித்து, பூச்சி அகப்பட்டதென்று எழுதிவைத்தார்கள். அப்பக்கம் இன்றும் அமெரிக்க அரும்பொருட்சாலையொன்றில் பாதுகாக்கப்படுகிறது. அறையை நிறைத்துக்கொண்டு நின்ற இயந்திரத்தைக் கட்டி மேய்த்தவர்களுக்கே பதிவேடு வேண்டியிருந்ததென்றால், நமக்கு வேண்டாமா?

குறிகள் காட்டும் வழி

அணைவது ஒன்றே, காரணங்கள் பல. எனினும் ஒவ்வொரு காரணமும் தனக்கென ஒரு சாயலைக் கொண்டிருக்கும்.

வெப்பம் காரணமாயின், கணினி குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடும். இருபது முப்பது நிமிடம் சென்றபின், அல்லது விளையாட்டு, வீடியோ போன்ற கனத்த வேலை கொடுத்தவுடன் அணையும். சற்று ஆறவிட்டால் மீண்டும் ஓடும். புரொசசரின் மேலுள்ள மின்விசிறி நின்றிருக்கலாம், தூசி அடைத்திருக்கலாம், விசிறிக்கும் புரொசசருக்கும் இடையே பூசப்படும் பசை உலர்ந்திருக்கலாம்.

ராம் எனப்படும் நினைவகம் காரணமாயின், காலம் நேரம் என்று ஒன்றும் இராது. ஒரு நாள் தொடங்கும்போதே, மற்றொரு நாள் மூன்று மணி நேரம் கழித்து. நீலத் திரையில் தோன்றும் செய்தியும் ஒவ்வொரு முறையும் வேறுவேறாக இருக்கும். இதனைச் சோதிக்க விண்டோஸிலேயே மெமரி டயக்னொஸ்டிக் என்றொரு கருவி உண்டு. மெம்ரெஸ்ட் 86 என்பது இன்னும் கடுமையான சோதகர். ஓர் இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். இரண்டு ராம் பலகைகள் இருந்தால், ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதைக் கொண்டு மட்டும் இயக்கி, பின் மாற்றி இயக்கினால், குற்றவாளி எது என்பது தெரிந்துவிடும்.

ஹாட் டிஸ்க் காரணமாயின், அணைவதற்கு முன்பே மந்தம் தோன்றும், கோப்புகள் திறவா, பழைய வகை டிஸ்க்கில் 'டிக், டிக்' என்ற ஓசை கேட்கும்.

புதிதாக ஏற்றிய மென்பொருள் காரணமாயின், நோய் தொடங்கிய நாளும் அதனை ஏற்றிய நாளும் ஒன்றாய் இருக்கும். மிகக் குறைந்த உறுப்புகளை மட்டும் கொண்டு விழிக்கும் சேஃப் மோட் நிலையில் கணினி ஒழுங்காக ஓடினால், ஐயம் இன்னும் வலுப்படும்.

மின்வழங்கியோ வீட்டு மின்சாரமோ காரணமாயின், முன்னறிவிப்பே இராது. நீலத் திரையும் இல்லை, செய்தியும் இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் திரை கறுத்து, உடனே முதலிலிருந்து தொடங்கும்.

மறைந்தோடும் செய்தி

இங்கே ஒரு சூழ்ச்சியைக் கூற வேண்டும். விண்டோஸ் தன்னுள்ளே பெரும்பிழை நேர்ந்தால், செய்தியைத் திரையிற் காட்டிவிட்டு உடனே தானாகவே மறுபடி தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நமக்கு வாசிக்க அவகாசம் கிடைப்பதில்லை. இதனை நிறுத்திவைக்கலாம். தேடும் பெட்டியில் 'வியூ அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தட்டினால் ஒரு சாளரம் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்டப் அண்ட் ரிக்கவரி' என்ற பகுதிக்குச் சென்று, 'ஆட்டொமெட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதன் அருகிலுள்ள அடையாளத்தை நீக்கிவிட வேண்டும். இனிப் பிழை நேர்ந்தால் திரை அசையாது நிற்கும். குறியீட்டை ஆறுதலாகக் கொப்பியில் எழுதிக்கொள்ளலாம்.

'ஈவென்ட் வியூவர்' என்னும் இன்னொரு கருவி, கணினி தனக்குத்தானே எழுதும் நாட்குறிப்பு எனலாம். அதில் 'சிஸ்டம்' என்ற பிரிவில் 'கேர்னல் பவர் 41' என்ற பதிவைப் பலரும் காண்பர். கண்டதும் அதுவே நோயின் பெயரென்று மருள்வர். அது நோயின் பெயரன்று. முந்திய முறை கணினி ஒழுங்காக மூடப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆனால் அப்பதிவின் உள்ளே 'பக்செக் கோட்' என்ற இடத்தில் பூச்சியம் இருந்து, நீலத் திரையும் தோன்றாதிருந்தால், விண்டோஸ் தன் பிழையைப் பதிவதற்கே நேரமின்றி அறுபட்டது என்று கொள்ள இடமுண்டு. அப்போது முதலில் மின்சாரத்தின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

மென்பொருளால் விளையும் கேட்டுக்கு உலகறிந்த உதாரணம் 2024 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆம் நாள் நிகழ்ந்தது. கிரவுட்ஸ்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான இற்றைப்படுத்தல் ஒன்றினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரை காட்டி விழுந்தன. அவற்றுட் பல, எழுந்து எழுந்து விழுந்துகொண்டே இருந்தன. விமானங்கள் தரையில் நின்றன, வைத்தியசாலைகள் தடுமாறின. பெரும்பாலானவற்றுக்குப் பரிகாரமோ மிக எளிது: சேஃப் மோட் நிலையில் தொடங்கி ஒரேயொரு கோப்பை அழிப்பது. அன்று எவரேனும் மதர்போட்டை மாற்றியிருந்தால் பணம் போயிருக்கும், நோய் போயிராது.

கொப்பி சொன்ன கதை

ஒரு வாரம் கழித்து மீண்டும் றொசல்லப் பகுதிக்குப் போனோம். அப்பெண் கொப்பியை நீட்டினாள். பதினொரு முறை அணைந்திருந்தது. நீலத் திரை ஒருமுறையும் தோன்றவில்லை. பதினொன்றில் ஏழு, மாலை 6 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையில். மூன்று, விடியற்காலை 5 மணியை ஒட்டி. ஒன்று, ஞாயிற்றுக்கிழமை நண்பகலில். மற்ற நாட்களிற் பகலில் நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓடியும் அசையவில்லை.

வெப்பம் மணி பார்த்து வருவதில்லை. ராமுக்கும் நாட்காட்டி தெரியாது. மாலையிலும், பிரட்டுக்குப் போகுமுன் விடியலிலும், எல்லாரும் வீட்டிலிருக்கும் ஞாயிறு நண்பகலிலும் லயத்தில் நடப்பது யாது? அடுப்பு வேலை.

"மின்சாரம் குறைகிறது போலும்," என்றோம்.

தந்தை ஒப்பவில்லை. "லைட் நல்லாத்தான எரியுது ஐயா?" என்று மேலே காட்டினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. முற்காலத்துக் கம்பியிழை விளக்காக இருந்தால் மங்கிக் காட்டிக் கொடுத்திருக்கும். இப்போதைய எல்.இ.டி. விளக்குகளிற் பல, மின்னழுத்தம் கணிசமாகக் குறைந்தாலும் ஒளியைக் குறையவிடாமல் சமாளிக்கும்படி அமைந்தவை. ஆகவே விளக்கை நம்பி முடிவு செய்வதற்கில்லை.

அப்போதுதான், அதுவரை பேசாதிருந்த தாய் வாய் திறந்தார். "அந்தி நேரத்துல ரைஸ் குக்கர்ல சோறு வேகவே மாட்டேங்குது ஐயா. அதே அரிசி, அதே தண்ணி. பகல்ல போட்டா சட்டுனு வெந்துருது."

இரண்டு கடைக்காரருக்கும் அகப்படாத விடை அதுவே.

பீலித் தண்ணீரும் மின்சாரமும்

தோட்டத்துப் பீலியை அறிந்தவர்க்கு மின்னழுத்தத்தை விளக்குவது எளிது. மேலே ஊற்றிலிருந்து ஒரே குழாய் இறங்குகிறது. நடுப்பகலில் எவரும் தண்ணீர் பிடிக்காதபோது, கடைசிப் பீலியிலும் தண்ணீர் பாய்ந்து விழும். மாலையில் எல்லாரும் குடத்துடன் வந்து நின்றால், மேலுள்ள பீலிகள் குடித்தது போக, கடைசியில் உள்ளவர்க்கு நூல்போல் ஒழுகும். மின்சாரக் கம்பியும் அத்தகையதே. டிரான்ஸ்போமரிலிருந்து நெடுந்தூரம் வரும் மெல்லிய கம்பியிலே, ஒரே வேளையில் ரைஸ் குக்கரும் கேத்தலும் மின்னழுத்திப் பெட்டியும் இயங்கினால், கம்பியின் தடையே அழுத்தத்தின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். கடைசி வீட்டுக்கு மிஞ்சுவது குறைவு.

மின்வேலை அறிந்த ஒருவரைக் கொண்டு அன்று மாலை அளந்து பார்த்தோம். பகலில் 230 வோல்ற்றை ஒட்டி நின்ற அளவு, 6.40 மணிக்கு 186 ஆக இறங்கியது. சூடேற்றும் கருவியின் ஆற்றல், அழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறும் என்பது மாணவர் அறிந்த பாடம். 186 ஐ 230 ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 0.65. அதாவது, ரைஸ் குக்கருக்கு மூன்றில் இரண்டு பங்கு சூடே கிடைத்தது. தாயின் அடுப்படி அனுபவமும் மகளின் பௌதிகப் புத்தகமும் ஒரே விடையையே கூறின.

கணினியின் பின்புறமுள்ள மின்வழங்கியைப் பார்த்தோம். அதன் முகவரிச் சீட்டில் 200 முதல் 240 வோல்ற்று வரை என்று அச்சிட்டிருந்தது. 186 அதன் எல்லைக்குக் கீழே.

அணைந்த கணினி ஏன் அப்படியே கிடக்காமல் மறுபடி எழுகிறது என்ற ஐயம் தோன்றலாம். மின்வழங்கியானது 12, 5, 3.3 வோல்ற்று ஆகிய சிறு அழுத்தங்களை உண்டாக்கி மதர்போட்டுக்கு ஊட்டுகிறது. அவை ஒழுங்காக உள்ளவரை 'பவர் குட்' என்ற அடையாளச் சமிக்ஞை ஒன்றையும் இடைவிடாது அனுப்புகிறது. ஊட்டம் தளர்ந்தால் சமிக்ஞை நிற்கும். மதர்போட் உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். மறுகணம் அழுத்தம் சீரானால் சமிக்ஞை திரும்பும். கணினி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே, தானே எழுவது கணினியின் கோளாறன்று. தன்னைக் காத்துக்கொள்ளும் அதன் முறை.

இதிலே வயதுக்கும் பங்குண்டு. மின்வழங்கிக்குள் கொள்ளளவி என்னும் கப்பாசிற்றர்கள் இருக்கின்றன. அவை சிறு தொட்டிகள் போன்றவை. மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டால், வினாடியின் அறுபதில் ஒரு பங்கு நேரமேனும் சேமித்ததைக் கொடுத்துச் சமாளிக்கும். நாட்பட்டால் தொட்டி வற்றும். 1999 ஆம் ஆண்டுக்கும் 2007 ஆம் ஆண்டுக்கும் இடையே தரங்குறைந்த திரவம் நிரப்பிய கப்பாசிற்றர்கள் உலகெங்கும் பரவி, எண்ணற்ற மதர்போட்டுகளும் மின்வழங்கிகளும் அற்பாயுளில் மாண்டன. தலை தட்டையாய் இருக்க வேண்டிய கப்பாசிற்றர் உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ, அதன் காலம் முடிந்ததென்று அறியலாம். பழைய கணினி வாங்குவோர், மூடியைத் திறக்கச் சொல்லி இதனைப் பார்த்து வாங்குவது நன்று.

மாற்றிப் பார்த்தல்

இவ்வளவும் அனுமானம். அனுமானத்தை நம்பிப் பணம் செலவிடுவது கூடாது. ஆகவே, அப்பெண்ணின் தோழியொருத்தியின் கணினியிலிருந்து 100 முதல் 240 வோல்ற்று வரை தாங்கும் மின்வழங்கி ஒன்றை ஐந்து நாளுக்கு இரவல் பெற்றோம். கணினி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் வந்து அதனைப் பொருத்தித் தந்தார். வேறொன்றையும் நாம் தொடவில்லை.

நான்கு மாலைகள் கழிந்தன. கணினி ஒருமுறையும் அணையவில்லை. ஐந்தாம் நாள், வேண்டுமென்றே பழைய மின்வழங்கியை மறுபடி பொருத்தச் சொன்னோம். அன்று மாலை 6.50 மணிக்கு அது அணைந்தது. வீட்டிலுள்ள எல்லாரும் கைகொட்டி ஆர்ப்பரித்தார்கள். கணினி அணைந்ததற்கு ஒரு குடும்பம் மகிழ்ந்ததை நாம் அன்றுதான் கண்டோம்!

இந்த முறையை மாணவர் மனத்திற் கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்று. நோய் போனால், பழையதை மறுபடி வைத்து நோய் திரும்புகிறதா என்று பார். மூன்று உறுப்புகளை ஒரே நாளில் மாற்றினால், எது நோயாளி என்பது தெரியாமலே மூன்றுக்கும் பணம் கொடுக்க நேரும். முதற் கடைக்காரரையும் குறை கூறுவதற்கில்லை. பட்டணத்தின் சீரான மின்சாரத்தில், பகல் வேளையில் அவர் சோதித்தார். நோய் வீட்டிலிருக்க, சோதனை கடையில் நடந்தது.

புதிய மின்வழங்கி, மதர்போட்டின் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைத்தது. வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை: சில நிறுவனங்களின் கணினிகளில் இணைப்பு முனைகள் தனிவகையானவை, கடையில் உள்ளது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பழையதைக் கையோடு கொண்டுசென்று ஒப்பிட்டு வாங்குக. மின்னழுத்தத்தைச் சீராக்கும் அமைப்புள்ள யூ.பி.எஸ். வாங்க வசதியுள்ளோர் அதனையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதில் மின்னழுத்திப் பெட்டியையோ கேத்தலையோ செருகலாகாது.

உயிருக்கு ஊறு நேராமல்

கணினியின் மூடியைத் திறக்குமுன் செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுக. பின் இயக்கும் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி, எஞ்சிய மின்னை வெளியேற்றுக. உறுப்புகளைத் தொடுமுன் வெறும் உலோகச் சட்டத்தைத் தொடுக. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறவாதீர். செருகியைக் கழற்றிய பின்னும் அதனுள்ளே 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் தேங்கி நிற்கலாம். அது ஆளைக் கொல்லவல்லது. சில பழைய மின்வழங்கிகளின் பின்புறத்தே 115, 230 என்று குறித்த சிவப்பு ஆளி உண்டு. மின்சாரம் குறைகிறதே என்று எவரும் அதனை 115 இன் பக்கம் தள்ளிவிட வேண்டா. அழுத்தம் திரும்பியதும் பெட்டி வெடித்துப் புகையும்.

மழையும் புகையும் இடியும்

மலையகத்து வீடுகளுக்கென்றே மூன்று பகைவர் உண்டு. முதலாவது ஈரம். நன்கு உலர்ந்த தேயிலையைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பதம் கெடுவதைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர் அறிவர். கணினிக்குள் படிந்த தூசியும் அவ்வாறே ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தூசி மின்னைக் கசியவிடும். ஆகவே கணினியைத் தரையில் வையாமல், சுவரை ஒட்டாமல், பலகைமீது வைக்க வேண்டும். குளிரில் கிடந்த கணினியை வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்தவுடன் இயக்காமல், சில மணி நேரம் பொறுப்பது நலம்.

இரண்டாவது விறகுப் புகை. அது தூசியுடன் சேர்ந்து விசிறியில் பிசின்போல் ஒட்டும். மூன்று மாதத்துக்கொரு முறை, மின்னைத் துண்டித்து, விசிறி சுழலாமல் விரலாற் பிடித்துக்கொண்டு, மென்மையான உலர்ந்த தூரிகையால் துடைத்துவிடலாம். முடிந்தால் அடுப்படியிலிருந்து எட்ட வைப்பதே சிறந்தது.

மூன்றாவது இடி. பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடிமழை மிகுதி. முழக்கம் தூரத்தே கேட்கும்போதே ஆளியை அணைப்பது மட்டும் போதாது. செருகியையே கழற்றிவிட வேண்டும். இணையத்துக்கென வரும் கம்பி இருந்தால் அதனையும் கழற்றுக. தளர்ந்து ஆடும் செருகித்துளைகளையும், ஒன்றின்மேல் ஒன்றாகப் பூட்டிய மல்ரிபிளக்குகளையும் தவிர்க்க வேண்டும். அணைவதற்கு அவையே காரணமாயிருந்த வீடுகளும் உண்டு.

விளக்கின் கீழ்

றொசல்லயிலிருந்து மலைகளுக்கப்பால், நெடுந்தொலைவில்லாத இடத்தில், லக்சபான நீர்மின் நிலையம் இருக்கிறது. மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாமென்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். பல தடைகளைக் கடந்து 1950 ஆம் ஆண்டில் அந்நிலையம் இயங்கத் தொடங்கியது; 1953 இல் அவர் காலமாவதற்கு முன் அதனைக் கண்ணாரக் காணும் பேறு பெற்றார். அம்மலைகளின் மழைநீர் நாட்டின் பட்டணங்களுக்கெல்லாம் ஒளியூட்டுகிறது. அதே மழையில் நனைந்து நிற்கும் லயத்தின் கடைசிக் காம்பிராவிலே, ஒரு மாணவியின் கணினி மாலைதோறும் அழுத்தம் போதாமல் மயங்கி விழுந்தது. விளக்கின் அடியில் இருள் என்ற பழமொழி நம் நினைவுக்கு வந்தது.

புதிய மின்வழங்கியால் கணினி பிழைத்தது. கம்பியில் உள்ள குறை தீர்ந்துவிடவில்லை. ஆகவே அப்பெண், மாலைதோறும் அளந்த அழுத்தத்தை மேலும் இரு வாரங்களுக்கு அக்கொப்பியில் எழுதி, அதிலிருந்து ஓர் அட்டவணை தயாரித்தாள். லயத்தில் உள்ள எல்லாக் குடும்பத்தினரும் கையொப்பமிட்டு, உரிய அலுவலகத்துக்கு அதனை அனுப்பியிருக்கிறார்கள். "கரண்டு சரியில்லை" என்று வாயாற் சொல்வதற்கும், நாளும் மணியும் அளவும் குறித்த தாளொன்றைக் கையிற் கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டன்றோ?

நாம் விடைபெற்றபோது மழை விட்டிருந்தது. தாய் தேநீர் தந்தார். தோடு அவர் காதிலேயே இருந்தது. மகள் மேசையிலமர்ந்து தன் கருத்திட்டத்தை எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது மணி 6.45. அடுத்த வீட்டிலிருந்து சோறு கொதிக்கும் மணம் வந்தது. திரை அசையாமல் ஒளிர்ந்தது.